பைக், வேனில் எக்ஸ்ட்ரா எல்இடி லைட்: எது சட்டப்படி சரி, எதை எங்கே பொருத்துவது?

காங்கேயத்தில் இருந்து தாராபுரம் போகும் சாலையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு கஷ்டம் உண்டு. ஒன்று, ரோடு இருட்டு, முன்னாடி என்ன இருக்குன்னே தெரியல. இன்னொன்று, எதிரே வர்ற வண்டியோட லைட்டுல கண்ணே தெரியல. முதல் கஷ்டத்துக்காகக் கடையில் வாங்கி மாட்டுகிற எக்ஸ்ட்ரா எல்இடி லைட்தான், எதிரே வருகிறவருக்கு இரண்டாவது கஷ்டமாகப் போய் நிற்கிறது. அவரும் சும்மா இருப்பதில்லை. அடுத்த வாரமே அதைவிடப் பிரகாசமான ஒன்றை மாட்டிக்கொள்கிறார்.

இதை வெறும் 'சீன்' போடும் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. லைட் மாட்டுகிறவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 மே மாதத் தொடக்கத்தில், இதே தாராபுரம் - காங்கேயம் சாலையில் பாலப் பணிக்காகத் தோண்டிய பள்ளத்தில் நள்ளிரவுக்குப் பிறகு பைக்குடன் விழுந்து ஒரு தம்பதி உயிரிழந்தனர். உடன் வந்த மகள் காயங்களுடன் மீட்கப்பட்டார். கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த குடும்பம் அது. பள்ளம் இருப்பதைக் காட்ட முறையான எச்சரிக்கைப் பலகையோ தடுப்போ இல்லை என்ற கோபம் மாவட்டம் முழுக்க எழுந்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் தங்கள் பைக்கின் ஹெட்லைட்டை ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

இருட்டில் யார் யார் போகிறார்கள்?

காங்கேயம் வழியாக கோவை - கரூர் - திருச்சி தேசிய நெடுஞ்சாலை 81 போகிறது. திருப்பூர், ஈரோடு, தாராபுரம் சாலைகளும் இங்கே வந்து சேர்கின்றன. ஷிப்ட் முடிந்து ஆட்களை ஊர் ஊராக இறக்கிவிடும் பனியன் கம்பெனி வேன்கள், நூற்பாலை பஸ்கள், தேங்காயும் கொப்பரையும் ஏற்றிய லாரிகள், எண்ணெய் டேங்கர்கள், ரைஸ் மில் லோடு என்று ராத்திரி முழுக்க போக்குவரத்து நிற்பதில்லை. அதே ரோட்டில்தான் பின்னால் ரிப்ளெக்டர்கூட இல்லாத சைக்கிளும், ஒற்றை மஞ்சள் லைட்டோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லும், டிரெய்லர் மாட்டிய டிராக்டரும், கொறங்காட்டு வேலியைத் தாண்டி வந்துவிட்ட மாடும் வரும். தைப்பூசம் நெருங்கினால் பழநிக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரம் சாரை சாரையாகப் போவார்கள். வெயிலுக்குப் பயந்து நடப்பது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் மாலை 6 மணியில் இருந்து 9 மணி வரையிலான மூன்று மணி நேரத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள் நடக்கின்றன. இருட்டு மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. வீடு திரும்பும் அவசரமும் நெரிசலும் அந்த நேரத்தில்தான் சேர்கின்றன.

ஹெட்லைட் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கும் முன்பே 33 மீட்டர் போயிருக்கும். அதற்குப் பிறகு வண்டி நிற்க இன்னும் 40 மீட்டருக்கு மேல் தேவை. மொத்தம் சுமார் 75 மீட்டர். ஆனால் டிம் போட்ட சாதாரண ஹாலஜன் லைட்டில், அடர்ந்த நிற உடை போட்டு ஓரமாக நடக்கும் ஒருவர் 50 மீட்டர் வாக்கில்தான் கண்ணுக்குத் தட்டுப்படுவார். நிற்கத் தேவையான தூரம், தெரியும் தூரத்தைவிட அதிகம். இதற்கான முதல் தீர்வு வேகத்தைக் குறைப்பது. 60-ல் போனால் 50 மீட்டருக்குள் நின்றுவிடலாம். யாரும் விரும்பாத தீர்வும் இதுதான்.

100 சிசி பைக்குகளின் நிலைமை இன்னும் மோசம். பல மாடல்களில் இருப்பது 35 வாட் ஹாலஜன் பல்பு. கண்ணாடி மங்கி, ரிப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கறுத்துப்போன பத்து வருடப் பழைய வண்டியில் அதிலும் பாதி வெளிச்சம்தான் வெளியே வரும்.

அதனால் எக்ஸ்ட்ரா லைட் பற்றி யோசிக்கும் முன் பார்க்க வேண்டியது, இருக்கிற லைட்டை. மங்கிய ஹெட்லைட் டூமை மாற்றுவது, நல்ல கம்பெனி ஹாலஜன் பல்பு போடுவது, தளர்ந்த எர்த் வயரைச் சரிசெய்வது, பீமைச் சரியான உயரத்துக்குத் திருப்புவது. இதை ஒழுங்காகச் செய்தாலே பல பேருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இதில் பெரிய வருமானம் கிடையாது என்பதால் யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை.

ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு போட்டால்?

அதிகம் பேர் செய்வது இதைத்தான். பல்பைக் கழற்றி, அதே ஹோல்டரில் எல்இடி பல்பைச் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

ஹாலஜன் பல்பின் உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை மிகச் சிறியது. அது எந்த இடத்தில் இருக்குமோ அந்தப் புள்ளியை மையமாக வைத்துத்தான் ரிப்ளெக்டரின் வளைவு வடிவமைக்கப்படுகிறது. எல்இடி பல்பில் ஒளி வருவது இரண்டு பக்கமும் ஒட்டிய சிப்களில் இருந்து. சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் கீழே விழ வேண்டிய ஒளி மேலே சிதறும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று தெரிவது வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தரைதான். கிட்டத்துத் தரை அவ்வளவு வெளிச்சமாக இருந்தால் கண் அதற்கே பழகிவிடும், தூரத்தில் இருப்பது இன்னும் மங்கலாகிப்போகும். சிதறிய மீதி ஒளி எதிரே வருகிறவரின் முகத்துக்குப் போகிறது.

ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எல்இடி மாற்று பல்புக்கு முதல்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியும் பொதுவாகக் கொடுக்கப்பட்டது இல்லை. எந்தக் காரின் எந்த ஹெட்லைட்டில் போடலாம் என்று மாடல் வாரியாகப் பட்டியல் போட்டே கொடுத்தார்கள். நம்மூர் கடையில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதி விற்கும் பல்பை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் மூன்று விதிகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

விதி 106: முன்பக்க லைட் எதிரில் இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். லைட்டில் இருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்தில் இருந்து அரை மீட்டர் விலகி, தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. சுருக்கமாக, பக்கத்தில் கடந்து போகிற பைக்காரரின் கண்.

விதி 108: பின்பக்கம் சிவப்பு விளக்குதான். ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உழவுக்காக டிராக்டரின் பின்னால் இருக்கும் வெள்ளை லைட்டை ரோட்டிலும் எரியவிட்டுப் போவது, பின்னால் வருகிறவரை எதிரே வண்டி வருவதாக நினைக்க வைத்துவிடும்.

விதி 111: பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்த வண்டியின் முன்பக்கத்திலும் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது. அனுமதியும் விதிவிலக்கான சூழலுக்குத்தான். லாரி கேபின் மேலும் ஜீப் மேலும் நீளமாக மாட்டும் எல்இடி பார் இந்த விதியைத் தாண்டி வர முடியாது.

அபராதத்தில்தான் குழப்பம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாமல் உதிரி பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பொதுப் பிரிவான 177-ல் போட்டால் முதல் தடவைக்கு 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரே லைட்டுக்கு எந்தப் பிரிவு என்பது பிடிக்கிறவரைப் பொறுத்து மாறுகிறது. "வண்டியோட அமைப்பையா மாத்தினேன், லைட்டுதானே மாட்டினேன்" என்று வாதாடவும் இடம் இருக்கிறது. சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் 'மாற்றம்' என்று விளக்குகிறது. ஆனால் 182ஏ(4) வெளியில் வாங்கிப் பொருத்தும் பாகங்களையும் சேர்த்தே சொல்வதால் அந்த வாதம் ரொம்ப தூரம் போகாது.

வாளையாறு தாண்டினால் கெடுபிடி இன்னும் அதிகம். 2022 அக்டோபர் 5-ம் தேதி இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலா பஸ் ஒன்று கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணம் லைட் இல்லை. ஆனால் அதன் பிறகு சுற்றுலா வாகனங்களின் பல வண்ண எல்இடி, லேசர் லைட்டுகள் பக்கம் கேரள உயர் நீதிமன்றத்தின் பார்வை கடுமையாகத் திரும்பியது. திருப்பூரில் இருந்து கேரளாவுக்கு லோடு ஓட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

முன்பக்கம் இரும்புக் கம்பி பம்பர் மாட்டி, அதில் லைட் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த பம்பரே கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.

அப்போ எதைத்தான் மாட்டலாம்?

குறைந்த சிக்கல் உள்ள வழி, உங்கள் மாடலுக்கென்று வண்டி கம்பெனியே கொடுக்கும் பாக் லைட். கார்களில் விலை கூடிய வேரியன்டில் வருகிற பாக் லைட்டை, விலை குறைந்த வேரியன்டின் பம்பரிலும் அதற்கென விட்ட இடத்தில் பொருத்தலாம். சில பைக் கம்பெனிகள் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆக்சஸரியாகவே எல்இடி லைட் விற்கின்றன. விலை அதிகம்தான். ஆனால் வயரை வெட்ட வேண்டியதில்லை, வாரன்டி பிரச்சினையும் வராது.

வெளியே வாங்குவதென்றால் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் லைட்டில் 200 வாட் என்று போட்டிருந்தால் அது அச்சடித்தவரின் ஆசை. அவ்வளவு சூட்டை வெளியேற்ற அந்தச் சின்ன அலுமினியத் துண்டால் முடியாது. எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்டிமீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து, பேட்டரி வோல்ட்டால் பெருக்கினால் உண்மை வாட் தெரிந்துவிடும். 12 வோல்ட்டில் 1.7 ஆம்பியர் இழுத்தால் அது 20 வாட் லைட்.

வாட்டைவிட முக்கியம் ஒளி விழும் வடிவம். பாக் லைட் வகையில் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நேராக இருக்கும். அதற்கு மேலே ஒளி போகாது, பக்கவாட்டில் அகலமாகப் பரவும். ஸ்பாட் வகை குறுகலாகத் தூரம் போகும். புரொஜெக்டர் லென்ஸ் மாதிரி முன்னால் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தால் மட்டும் போதாது. கடையிலேயே எரியவிட்டு எதிர்ச் சுவரில் அந்த விளிம்பு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒப்புதல் வாங்கிய லைட்டின் கண்ணாடியில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். போலியாகவும் அதை அச்சடிக்கிறார்கள் என்பதால், சுவர் சோதனை எப்படியும் தேவை.

மஞ்சளா, வெள்ளையா? மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளி அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. மஞ்சளையும் வெள்ளையையும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. பாக் லைட் உதவுவதற்குக் காரணம், அது கீழே இருப்பதும் மேலே ஒளி சிந்தாததும்தான். ஆனால் 6,000 கெல்வினுக்கு மேல் உள்ள நீலம் கலந்த வெள்ளை, வயதானவர்களின் கண்ணை அதிகமாகக் கூசவைக்கிறது. ஈர ரோட்டிலும் அது சரியாகத் தெரிவதில்லை என்று ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். 3,000 முதல் 4,500 கெல்வின் வரை உள்ளதை எடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

உயரம்தான் எல்லாம்

லாரி கேபின் மேல், தரையில் இருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு லைட் இருக்கிறது. 50 மீட்டர் தள்ளித் தரையில் விழும்படி சாய்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அதன் மையக் கதிர் பாதி வழியில், அதாவது 25 மீட்டரில், தரையில் இருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே கார் ஓட்டுகிறவரின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கீழே சாய்த்துத்தானே வெச்சிருக்கோம் என்று லாரிக்காரர் சொல்வது உண்மைதான். எதிரே வருகிறவருக்குக் கண் தெரியாததும் உண்மைதான்.

அதே லைட்டை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து அதே 50 மீட்டருக்குச் சாய்த்தால், மையக் கதிர் எந்த இடத்திலும் 60 சென்டிமீட்டரைத் தாண்டாது. கார்களின் பாக் லைட் 25 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும், டிம் லைட்டைவிட மேலே போகக் கூடாது என்று ஐ.நா. வாகன ஒழுங்குமுறை வைத்திருப்பது இதனால்தான். பைக்கில் ஹேண்டில்பாரிலும் கண்ணாடிக் கம்பியிலும் மாட்டுவதைவிட, ஹெட்லைட்டுக்குக் கீழே கிராஷ் கார்டில் மாட்டுவது எவ்வளவோ மேல்.

வயரிங்கில் கவனம்

ஹெட்லைட் வயரில் இருந்தே கொக்கி போட்டு லைன் எடுத்துக் கொடுப்பது சீக்கிரம் முடிகிற வேலை. வயர் உருகுவதும் அப்படித்தான். பேட்டரி பாசிட்டிவில் இருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், நடுவில் ரிலே, அதன் பிறகு லைட். சுவிட்ச் ரிலேயைத்தான் இயக்க வேண்டும், லைட்டின் முழு கரன்ட்டும் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது. 20 வாட் லைட் இரண்டு என்றால் மொத்தம் மூன்றரை ஆம்பியருக்குள். 5 ஆம்பியர் பியூஸ் போதும். 'அடிக்கடி போகுதுங்க' என்று 20 ஆம்பியர் பியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும்போது பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

ரிலேக்கு சிக்னல் எங்கே இருந்து எடுப்பது என்பதில் எலக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் கவனம் வைப்பதில்லை. தூரம் போகும் லைட்டாக இருந்தால் ஹை பீம் வயரில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். எதிரே வண்டி வரும்போது டிம் அடித்தால் எக்ஸ்ட்ரா லைட்டும் தானாக அணைந்துவிடும். தனி சுவிட்ச் வைத்தால் அணைக்க மறந்துபோகும்; ரோட்டில் நாம் பார்க்கிற பாதி கண்கூச்சம் இந்த மறதியால் வருவது. பாக் லைட்டுக்கு மட்டும் தனி சுவிட்ச் பரவாயில்லை.

சின்ன பைக்கில் இன்னொரு கணக்கும் உண்டு. 35 வாட் ஹெட்லைட்டுக்கென்று அளந்து வைத்த சார்ஜிங்கில் 40 வாட் கூடுதலாகச் சேர்த்தால், மெதுவாகப் போகும்போது பேட்டரி ஏறாது. 3 அல்லது 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இன்ஜின் அணைத்துவிட்டு இந்த லைட்டை எரியவிட்டால் ஒரு மணி நேரத்தில் காலி. காலையில் செல்ப் அடிக்காது. கார் என்றால், கூடுதலாகப் பொருத்திய மின் சாதனத்தை இன்சூரன்ஸ் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, வயர் வெட்டிய இடத்தில் தீப்பிடித்தால் கிளெய்மில் கேள்வி வரும்.

பிடிக்க வேண்டியது எதை?

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் போக்குவரத்து போலீஸார் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், கறுப்பு பெயின்ட் அடிப்பார்கள். கண்கூச்சத்துக்கு அன்று தெரிந்த வைத்தியம் அதுதான். இன்றைய ஹெட்லைட்டில் ஸ்டிக்கர் ஒட்டினால் பயன் இல்லை.

இன்று விதி 106 கண்ணின் இடத்தை சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறது. ஆனால் ரோட்டில் நிற்கும் காவலரின் கையில் அதை அளக்க எதுவும் இல்லை. அதனால் வண்டியில் எக்ஸ்ட்ரா லைட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடிகிறது. கீழே மாட்டி, ஒழுங்காகச் சாய்த்து, டிம் அடித்தால் அணையும் லைட்டுக்கும் அபராதம் வரலாம். வெளியில் எதுவும் மாட்டாமல் ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பு போட்டு எல்லோர் கண்ணையும் கெடுக்கிறவர் தப்பிவிடுவார். லாரி, வேன், டாக்ஸிகளாவது எப்சி-க்குப் போகும்போது ஹெட்லைட் பீமும் பார்க்கப்படுகிறது. எப்சி முடிந்த மறுநாள் லைட் பாரைத் திரும்ப மாட்டிவிடுகிறார்கள் என்பது வேறு கதை. சொந்த கார், பைக்குக்கோ பதிவு செய்த 15 வருடத்துக்கு அப்படி ஒரு சோதனையே கிடையாது. பீம் சோதிக்கும் கருவியோடு மாதம் ஒருநாள் டோல்கேட் பக்கத்திலோ பனியன் கம்பெனி வாசலிலோ நின்று, அபராதம் இல்லாமல் பீமைத் திருப்பிவிட்டு அனுப்பினாலே நிலைமை கொஞ்சம் மாறும். சாலையோர வெள்ளைக்கோடு, ஒளிரும் ஸ்டட், வேலை நடக்கும் இடத்தில் எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றை நெடுஞ்சாலைத் துறை ஒழுங்காக வைத்தால், எக்ஸ்ட்ரா லைட் வாங்கும் தேவையே பலருக்குக் குறையும்.

அதுவரை பீமை வீட்டிலேயே சரிபார்க்க கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக எத்தனை பேர் உட்காருவார்களோ அத்தனை பேர் உட்கார வேண்டும். பின்சீட்டில் ஆள் ஏறினால் பைக்கின் பீம் மேலே தூக்கும். லைட்டின் மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் ஹெட்லைட்டின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருப்பலாம். பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்ன சக்கரம் இருக்கும். டிக்கியில் லோடு ஏற்றினால் அதை 2-க்கோ 3-க்கோ திருப்ப வேண்டும்.